பழைய தட்டும் புதிய பெட்டியும்: 'பின்னிணக்கம்' பற்றிச் சில குறிப்புகள்

வீடியோ கேம் கடைக்குப் புதுப் பெட்டி வாங்க வருகிறவர்கள் விலைக்கு அடுத்தபடியாகக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "வீட்ல பழைய சிடி நிறைய கிடக்கு, இதுல ஓடுமா?" கடைக்காரர் ஓடும் என்பார், ஓடாது என்பார், அல்லது "சிலது ஓடும் சார்" என்பார். இந்த மூன்று பதில்களுக்கும் பின்னால் பொறியியலும் வணிகமும் அதிகாரமும் சேர்ந்து எடுத்த முடிவுகள் இருக்கின்றன. முன்னால் வந்த பெட்டிக்காகத் தயாரித்த ஒன்றைப் பின்னால் வந்த பெட்டி ஏற்றுக்கொள்வதை ஆங்கிலத்தில் 'பேக்வேர்டு கம்பேட்டிபிலிட்டி' என்கிறார்கள். இங்கே 'பின்னிணக்கம்' என்று வைத்துக்கொள்கிறேன். ('பிற்போக்கு இணக்கம்' என்று நண்பர் ஒருவர் மொழிபெயர்த்தார். நம் வட்டாரத்தில் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வரி எழுத முடியாது.)

சிறுபத்திரிகையில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். 'பிரதி' என்ற சொல்லை நாம் முப்பது நாற்பது வருஷமாகப் புழங்கிவருகிறோம். ஆசிரியனைச் சாகடித்தோம், வாசகனை அரியணையில் ஏற்றினோம், பிரதிக்குள் இருக்கும் மௌனங்களைத் தோண்டினோம். பிரதியைத் திறக்கிற கருவி என்று ஒன்று நடுவில் நிற்பதை மட்டும் யோசிக்கவில்லை. அச்சுப் புத்தகத்துக்கு அப்படியொரு கருவி தேவைப்படாததால் யோசிக்க நேரவில்லை என்பதுதான் உண்மை. கண் போதும், மிஞ்சிப்போனால் ஒரு மூக்குக்கண்ணாடி. வீடியோ கேமோ பிறந்த நாளிலிருந்தே கருவியில்லாமல் வாசிக்க முடியாத பிரதி. ஆகவே பிரதியும் கருவியும் பிரிந்துபோனால் என்ன ஆகும் என்பதை அங்கே மிகத் தெளிவாகப் பார்க்க முடிகிறது. நான் சொல்ல வருவது இதுதான்: பின்னிணக்கம் அறுபடும்போது எல்லோருடைய கடந்தகாலமும் ஒரே அளவில் போவதில்லை. கடைசியாக வந்து சேர்ந்தவர்களுடையது முதலில் போகிறது. இந்தியாவில் தயாரான சில விளையாட்டுகளும், தொண்ணூறுகளில் நாம் கணினியில் அடித்த சிறுபத்திரிகைப் பக்கங்களும் இந்த விஷயத்தில் ஒரே கதிக்கு ஆளானவை.

முதலில் பொறியைப் பார்ப்போம். விளையாட்டுத் தட்டிலோ கேசட்டிலோ படமும் ஒலியும் இருக்கின்றன. அவற்றை ஆட்டிவைக்கிற கட்டளைகளும் இருக்கின்றன. இந்த எண்ணை எடு, அதோடு கூட்டு, திரையின் இந்த மூலையில் இந்தப் புள்ளியை ஏற்று என்று வினாடிக்கு லட்சக்கணக்கில். இக்கட்டளைகள் குறிப்பிட்ட ஒரு சில்லுக்கு மட்டும் புரிகிற மொழியில் இருப்பவை. டேப் ரிக்கார்டர் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் கேசட்டிலிருந்து இளையராஜா வருவார். இங்கே அப்படியில்லை. பெட்டி மாறினால் கட்டளை வெறும் எண்குவியல்தான். இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய நிரலாளர்கள் சில்லின் குறைகளையும் சேர்த்தே பயன்படுத்திக்கொண்டார்கள். இன்ன வேலை முடிய இத்தனை துடிப்பு ஆகும் என்று கணக்குப்போட்டு, அந்த இடைவெளியில் வேறொரு வேலையைச் செருகினார்கள். புதிய சில்லு அந்த வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டால் விளையாட்டு தடுமாறிவிடும். பழைய பெட்டியின் தாமதமும் அந்தப் பிரதியின் ஒரு பகுதி.

இதைச் சமாளிக்கச் சோனி செய்த ஏற்பாடு ஒன்று பாடம் போல இருக்கிறது. முதல் ப்ளேஸ்டேஷன் ஜப்பானில் வெளியானது 1994 டிசம்பரில். ப்ளேஸ்டேஷன் 2 வந்தது 2000 மார்ச்சில். புதிய பெட்டிக்கு மூளையாக வேறொரு சக்திவாய்ந்த சில்லைப் போட்டார்கள். பழைய பெட்டியின் மூளையாக இருந்த சில்லையும் தூக்கியெறியவில்லை. கைப்பிடியிலிருந்தும் நினைவட்டையிலிருந்தும் வருகிற தகவலை வாங்கிக் கொடுக்கிற எடுபிடி வேலையில் அதை உட்காரவைத்தார்கள். பழைய தட்டை உள்ளே போட்டால் எடுபிடி எழுந்து, தன் வேகத்தைப் பழைய அளவுக்குக் குறைத்துக்கொண்டு, முதலாளி நாற்காலியில் போய் உட்காரும். ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வீட்டுக்கு ரேஷன் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார், பழைய கதை கேட்க யாராவது வந்தால் அன்றைக்கு அவர்தான் நாயகம் என்பதுபோல. அந்தப் பெட்டி உலகமெங்கும் 15 கோடிக்கு மேல் விற்றது. பழைய தட்டுகள் அதில் ஓடியதும் அதற்கு ஒரு காரணம்.

2006 நவம்பரில் ப்ளேஸ்டேஷன் 3 வந்தபோது முதலில் இதையே செய்தார்கள். முந்தைய பெட்டியின் முக்கியமான சில்லுகளை அப்படியே உள்ளே வைத்தார்கள். அமெரிக்காவில் விலை 499 டாலர், 599 டாலர். அந்த விலைக்கு விற்றும் கம்பெனிக்கு நஷ்டம். எங்கே வெட்டுவது? 2007 மார்ச்சில் ஐரோப்பாவுக்குப் போன பெட்டியில் ஒரு சில்லு காணோம், அதன் வேலையை மென்பொருள் அரைகுறையாகச் செய்தது. அந்த வருஷக் கடைசியில் வந்த 40 கிகாபைட் பெட்டியில் மொத்தமும் காணோம். பழசில் செலவழிப்பதைவிடப் புதிய விளையாட்டுகளில் முயற்சியைச் செலுத்தப்போகிறோம் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். கடந்தகாலத்துக்கான செலவு ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்று கணக்கேட்டில் ஏறியது, ஏறியவுடன் வெட்டப்பட்டது. இந்தியச் சந்தை அப்போது சோனியின் ஐரோப்பியக் கிளையின் கீழ் இருந்தது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2013இல் வந்த ப்ளேஸ்டேஷன் 4 சில்லு வம்சத்தையே மாற்றிக்கொண்டதால் முன்னோர் எவருடைய விளையாட்டுத் தட்டையும் ஏற்கவில்லை. 2020இல் வந்த 5, நான்காவதன் தட்டுகளில் பெரும்பாலானவற்றை ஏற்கிறது. அதற்கு முந்தைய மூன்று தலைமுறைகளின் தட்டுகளை ஏற்காது.

சில்லை வைக்காமலும் பழசை ஓட்டலாம். பழைய சில்லு செய்வதையெல்லாம் மென்பொருளால் பாவனை செய்வது. எமுலேட்டர் என்கிறார்கள். பொதுக்கூட்ட மேடையில் டெல்லித் தலைவர் பேசப்பேசக் கூடவே மொழிபெயர்க்கிற தோழரை நினைத்துக்கொள்ளுங்கள். பேச்சாளருக்கு ஒரு மூச்சு. இவருக்குக் கேட்பது, புரிந்துகொள்வது, சொல் தேடுவது, சொல்வது என்று நாலு மூச்சு. பேச்சாளரைவிடப் பல மடங்கு வேகம் இருந்தால்தான் தாக்குப்பிடிக்க முடியும். அதனால்தான் ஒரு பெட்டியைச் சரியாகப் பாவனை செய்ய அதைவிடப் பல மடங்கு வலுவான கணினி தேவைப்படுகிறது. ப்ளேஸ்டேஷன் 2-ஐப் பாவனை செய்யும் 'பிசிஎஸ்எக்ஸ்2' என்ற மென்பொருளை 2002 முதல் தன்னார்வலர்கள் எழுதிவருகிறார்கள். மூலநிரல் யாருக்கும் திறந்திருக்கிறது. கம்பெனிகளுக்கு இவர்களைக் கண்டால் ஆகாது. முதல் ப்ளேஸ்டேஷனை மேக்கின்டாஷ் கணினியில் ஓட்டிய 'கனெக்டிக்ஸ்' நிறுவனத்தின்மேல் சோனி வழக்குப் போட்டது. 2000இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், பாவனைப்பொறி செய்வதற்காகப் பெட்டியின் நிரலைப் பிரித்தாராய்வது நியாயமான பயன்பாடே என்று தீர்ப்புச் சொன்னது. சோனி அந்த மென்பொருளை விலைக்கு வாங்கி, விற்பனையை நிறுத்திவிட்டது. தீர்ப்பு நம் பக்கம், பொருள் அவர்கள் கையில்.

கம்பெனிகளே பாவனைப்பொறி எழுதுவதும் உண்டு. அப்போது அது விற்பனைச் சரக்காகிவிடுகிறது. ப்ளேஸ்டேஷன் 2 விளையாட்டுகளில் விலைபோகக்கூடிய சிலவற்றை 2011 முதல் இணையக் கடையில் இறக்கிக்கொள்ளும் வடிவில் மறுபடி விற்றார்கள். வீட்டில் தட்டு கிடக்கும். அதே விளையாட்டுக்கு மறுபடி காசு. மைக்ரோசாஃப்ட் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம், பழைய தட்டையே போடச்சொன்னது. ஆனால் ஒவ்வொரு விளையாட்டாகச் சோதித்துப் பட்டியலில் சேர்த்தார்கள். 2021 நவம்பரில் 76 விளையாட்டுகளைச் சேர்த்துவிட்டு, உரிமம், சட்டம், தொழில்நுட்பம் ஆகிய காரணங்களால் இதோடு சரி என்று அறிவித்தார்கள். கவனிக்க வேண்டியது அந்தப் பட்டியலை. "சிலது ஓடும் சார்" என்பதற்குப் பின்னால் இருப்பது அதுதான். எது செவ்வியல், எது குப்பை என்று வகுக்கிற வேலையை நாம் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் மேல் சுமத்தி ஏசிவந்தோம். இங்கே அதை ஒரு கம்பெனியின் சட்டப்பிரிவு செய்கிறது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைக்காது என்று அங்குள்ள வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. மையத்துக்கே இந்த நிலை.

விளிம்பில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? என் வயதுக்காரர்கள் சென்னையில் விளையாடியது 'டிவி கேம்'. பர்மா பஜாரிலும் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் வாங்கியது. நிண்டெண்டோ என்ற பெயரையே நாங்கள் பிற்பாடுதான் கேள்விப்பட்டோம். ஆனால் பெட்டிக்குள் இருந்தது 1983இல் ஜப்பானில் அந்தக் கம்பெனி வெளியிட்ட 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' பெட்டியின் நகல்தான். கேசட்டின் மேல் '9999999 இன் 1' என்று அச்சடித்திருக்கும். உள்ளே பத்திருபது விளையாட்டுகளே பெயர் மாறி மாறி வரும். ஓடாவிட்டால் கழற்றி வாயால் ஊதிப் போடுவோம். அமெரிக்காவுக்கு 1985இல் போன அதே பெட்டியில் கேசட்டுக்கு 72 பின், கூடவே கம்பெனி அனுமதிக்காத கேசட்டை நிராகரிக்கும் ஒரு பூட்டுச்சில்லு. நமக்கு வந்த நகலில் ஜப்பானைப் போல 60 பின், பூட்டு கிடையாது. யார் செய்த கேசட்டும் யார் செய்த பெட்டியிலும் ஓடியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1990இல் நிண்டெண்டோ தன் அடுத்த பெட்டியைக் கொண்டுவந்தபோது, அதன் சில்லு பழைய சில்லின் வம்சம்தான், பழைய கட்டளைகளை ஏற்கும் ஒரு நிலையும் அதற்கு உண்டு. இருந்தும் பழைய கேசட்டை அந்தப் பெட்டி ஏற்கவில்லை. கம்பெனி கைவிட்ட உறவை நகல்காரர்கள் தொடர்ந்தார்கள். 2000க்குப் பிறகும் பஜாரில் வாங்கிய பெட்டியில் பழைய கேசட் ஓடியது. நீண்ட நாள் பின்னிணக்கம் நமக்குக் கிடைத்தது திருட்டுப் பெட்டியால்தான். இதை வைத்துக் கடலோரச் சந்தைகளைப் புரட்சிக்களமாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. அந்தப் பெட்டியில் நாம் வாங்குகிறவர்களாக மட்டுமே இருந்தோம். எதுவும் மாறாமல் நின்றதால் எதுவும் அறுபடவில்லை, அவ்வளவே. இழப்பதற்கு நம்முடையது என்று ஒன்று அதில் இருக்கவில்லை.

இழப்பதற்கு ஒன்று உருவானது 2009இல். ஹைதராபாத்தைச் சேர்ந்த 'அரோனா டெக்னாலஜிஸ்' தயாரித்த 'ஹனுமான்: பாய் வாரியர்' அந்த ஆண்டு வெளிவந்தது. முழுக்க இந்தியாவிலேயே உருவாகி விளையாட்டுப் பெட்டிக்கு வந்த முதல் விளையாட்டு என்று அதைச் சொல்கிறார்கள். அதே ஆண்டில் அதே ஊரின் 'கேம்சாஸ்த்ரா' செய்த 'தேசி அட்டா' வந்தது. கபடி, கில்லி, பட்டம் என்று தெரு விளையாட்டுகளை வைத்து ஒரு கிராமத்துக் கதை. 2011இல் ஷாரூக் கான் படத்தை ஒட்டி 'ரா.ஒன்' விளையாட்டு. இம்மூன்றும் ப்ளேஸ்டேஷன் 2-க்கு வந்தவை. (தேசி அட்டா கைப்பெட்டிக்கும், ரா.ஒன் அடுத்த பெட்டிக்கும் சேர்த்து வந்தன. ஹனுமானுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.)

ஆண்டைக் கவனியுங்கள். 2009இல் ப்ளேஸ்டேஷன் 2-க்கு வயது ஒன்பது. அதன் வாரிசு வந்து இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. அன்று உற்பத்தியில் இருந்த எந்த ப்ளேஸ்டேஷன் 3-ம் ப்ளேஸ்டேஷன் 2 தட்டை ஏற்காது, ஏனென்றால் வெட்டு 2007இலேயே விழுந்துவிட்டது. அதாவது, 'இந்தியாவின் முதல்' என்று கொண்டாடப்பட்ட விளையாட்டு, பிறக்கும்போதே வாரிசுப் பெட்டியால் விலக்கிவைக்கப்பட்ட ஒன்று. ஏன் பழைய பெட்டிக்குச் செய்தார்கள் என்றால், இங்கே நடுத்தர வீடுகளுக்கும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடைகளுக்கும் கட்டுப்படியான பெட்டி அதுதான். மந்தைவெளியில் என் தெருக்கோடியில் அப்படியொரு கடை இருந்தது. மூன்று டிவி, மூன்று பெட்டி, எல்லாமே ப்ளேஸ்டேஷன் 2. ஆக, ஏழைச் சந்தைக்கு எழுத வேண்டுமென்றால் சாகப்போகிற பெட்டிக்குத்தான் எழுத வேண்டும். புதிய பெட்டிக்கு எழுதும் செலவை ஹைதராபாத்தின் சிறு நிறுவனத்தால் தாங்க முடியாது. தாங்கினாலும் வாங்க ஆளில்லை.

ஹனுமான் விளையாட்டு நன்றாக இருந்ததா? விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அமெரிக்காவிலிருந்து ராஜன் ஸெட் என்பவர், கடவுளைக் கைப்பிடியால் ஆட்டுவிப்பதா என்று அதைத் திரும்பப் பெறச் சொன்னார். திரும்பப் பெறவில்லை. பிற்பாடு பெட்டியே அந்த வேலையைச் செய்துவிட்டது. 2013 தொடக்கத்தில் ப்ளேஸ்டேஷன் 2 உற்பத்தி நின்றுபோனது. மோசமான விளையாட்டு போனால் போகட்டும் என்று சொல்லிவிடலாம். தமிழின் முதல் நாவல்களை நாம் அவை நன்றாக இருப்பதால் மட்டுமா மறுபதிப்புச் செய்கிறோம்? தொடங்கிய இடத்தில் ஒருவன் எப்படித் தடுமாறினான் என்பது பின்னால் வருகிறவனுக்குத் தேவை. கிராமம் என்பதை 2009இல் ஹைதராபாத் நகரத்து இளைஞர்கள் எப்படிக் கற்பனை செய்தார்கள், யாரை அதில் வைத்தார்கள், யாரை விட்டார்கள் என்று 'தேசி அட்டா'வை ஆராய வேண்டுமென்றால், ஒன்று பழைய பெட்டி ஒன்றைத் தேடிப்பிடிக்க வேண்டும், அல்லது கம்பெனி விரும்பாத பாவனைப்பொறியிடம் போக வேண்டும்.

விளையாட்டுதானே என்று இன்னும் தோன்றுகிறவர்களுக்காக நம் வீட்டுக்கே வருகிறேன். தொண்ணூறுகளில் சிறுபத்திரிகைகள் அச்சுக்கோர்ப்பிலிருந்து கணினிக்கு மாறின. பேஜ்மேக்கர் மென்பொருள், அதற்குள் ஏதேனும் ஒரு தமிழ் எழுத்துரு. அந்நாளையத் தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றும் ஒரு தனிப் பெட்டிதான். கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆகவே ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றி அதை ஏமாற்றினார்கள். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கணினி சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. இந்த ஒழுங்கு தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசை வரிசையிலிருந்து வந்தது. 'யளனகபக' என்று தட்டச்சுப் பயிலகத்தில் பழகிய விரல்கள் புதிய இயந்திரத்திலும் தடுமாறக் கூடாது என்று செய்த ஏற்பாடு, விரல்களுக்கான பின்னிணக்கம். நல்ல காரியம்தான். ஆனால் ஸ்ரீலிபியில் வேறு ஒழுங்கு, வானவில்லில் வேறு, மயிலையில் வேறு. (மயிலை எழுத்துருவைச் செய்தவர் சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம். மயிலாப்பூருக்கு அடுத்த தெருக்காரனான எனக்கு அந்தப் பெயரில் ஒரு அற்ப மகிழ்ச்சி.) ஒன்றில் அடித்ததை மற்றொன்றில் திறந்தால் கந்தலாக வரும். இதைச் சீராக்க 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி, டாம், டாப் என இரண்டு குறியீடுகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தந்தது. புலம்பெயர்ந்தவர்களிடையே டிஸ்கி பரவியது. 2010இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தரமாக ஏற்றது. நடைமுறையில் வென்றது யூனிகோட்.

யூனிகோடின் பின்னிணக்கம் யாருக்கு என்று பார்த்தால் விஷயம் விளங்கும். அதன் முதல் 256 இடங்கள் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு ஏற்கெனவே இருந்த குறியீட்டின் மறுபதிப்பு. 1992இல் அதற்கென வகுத்த 'யூடிஎஃப் 8' சேமிப்பு முறையோ, பழைய ஆங்கிலக் கோப்பு ஒரு எழுத்தும் மாறாமல் அப்படியே செல்லும்படி திட்டமிட்டுச் செய்யப்பட்டது. 1970இன் ஆங்கிலக் கோப்பு இன்று எந்தக் கணினியிலும் திறக்கிறது. 1995இன் தமிழ்க் கோப்பு ஜே, கே, பி, ஓ என்று வருகிறது. கணினி பொய் சொல்லவில்லை. அன்று நாம் ஆங்கில வேஷம் போட்டு உள்ளே நுழைந்தோம். அது அந்த வேஷத்தையே நம் முகமென்று பாதுகாத்து வைத்திருக்கிறது.

தமிழுக்கும் ஒரு பின்னிணக்கம் கிடைத்தது, ஆனால் நாம் கேட்டதல்ல. 1991இல் யூனிகோட் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களின் ஒழுங்கு, 1988இன் 'இஸ்கி' என்ற இந்திய அரசுக் குறியீட்டிலிருந்து எடுத்தது. எல்லா இந்திய எழுத்துகளையும் நாகரி வரிசையில் அடுக்கியது அது. விளைவு, தமிழ்த் தொகுதியில் 'க'வுக்கும் 'ங'வுக்கும் நடுவில் மூன்று இடங்கள் இன்றும் காலி. இந்தியின் மற்ற மூன்று ககரங்கள் உட்கார வேண்டிய நாற்காலிகள் அவை. நான் குடியிருக்கும் மந்தைவெளியில் மந்தையும் கிடையாது, வெளியும் கிடையாது, பெயர் மட்டும் இருக்கிறது. அங்காவது முன்பு மந்தை இருந்திருக்கும். இந்த நாற்காலிகளில் எவரும் எப்போதும் உட்கார்ந்ததில்லை. ஒருமுறை தந்த இடத்தை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் உறுதிமொழி ஆதலால் இனி அதை அகற்றவும் முடியாது. பின்னிணக்கம் என்றாலே நல்லது என்று கொண்டாடுகிறவர்கள் இந்தக் காலி நாற்காலிகளை ஒருமுறை எண்ணிப்பார்க்க வேண்டும். எந்தக் கடந்தகாலத்தோடு இணங்கச் சொல்கிறோம் என்பதும் கேள்விதான்.

அச்சில் இருக்கிறதே, காகிதம் போதாதா என்று ஒரு மறுப்பு உண்டு. 1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது அதற்கு முந்தைய புத்தகம் எதையும் யாரும் மாற்றி அச்சிட்டுத் தரவில்லை. துதிக்கை வைத்த 'லை'யையும் சுழித்த 'ணா'வையும் புதிய தலைமுறையின் கண் தானே பழகிக்கொண்டது. கண்ணைப் போன்ற பாவனைப்பொறி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போனால் நூறு வருஷப் பத்திரிகையை வாசிக்க முடிகிறது. ஆனால் இருநூறு முந்நூறு பிரதி அச்சிட்ட சிற்றிதழ் எத்தனை வீடுகளில் எஞ்சியிருக்கும்? தேட, தொகுக்க, பார்வையற்ற தோழர் கேட்டு வாசிக்க, கோப்பு வேண்டும்.

பழைய சிற்றேடு ஒன்றின் கட்டுரைகளைத் தொகுக்கும் வேலை இப்போது என்னிடம் இருக்கிறது. ஆசிரியர் வீட்டில் மூன்று சிடி கொடுத்தார்கள். எங்கள் தெரு டிடிபி கடையில் போட்டுப் பார்த்த பெண் சொன்னார்: "சார், ஃபைல் இருக்கு. ஆனா இதத் தொறக்குற சாஃப்ட்வேரு இப்போ யார்ட்டயும் கிடையாது." பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்த 7. அதற்கு வாரிசான இன்டிசைன், 2012இன் சிஎஸ்6 வரை பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்தது. அதற்குப் பிறகு வந்தவை திறப்பதில்லை. டிடிபி காலத்தின் 'டைப் 1' வகை எழுத்துருக்களை ஏற்பதையும் அடோபி 2023இல் நிறுத்திவிட்டது. ப்ளேஸ்டேஷன் 3-இன் கதைதான்: முதலில் உள்ளே இடம், பிறகு அரை இடம், பிறகு கதவு சாத்தல்.

நமக்குக் கைகொடுப்பவர்கள் இங்கேயும் சம்பளமில்லாத ஆட்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களை முதலில் மயிலையிலும் இணைமதியிலும், பிறகு டிஸ்கியிலும், பிறகு யூனிகோடிலும் மாற்றி மாற்றி ஏற்றி, பழைய நூல்களைப் பெட்டி விட்டுப் பெட்டி கடத்திக்கொண்டே வந்திருக்கிறது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் சிறு நிரல்களைப் பலர் எழுதி இலவசமாக வைத்திருக்கிறார்கள். இந்த மாற்றம் வெறும் எழுத்துக்கு எழுத்து ஈடல்ல. பழைய எழுத்துருவில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டு. யூனிகோடில் ககரம் முதலில், ஒகரக் குறி பிறகு. நிரல் முன்னும் பின்னும் பார்த்து அடுக்க வேண்டும். கொம்பு வரியின் கடைசியில் நின்று மெய் அடுத்த வரிக்குப் போயிருந்தால் நிரல் திகைத்துவிடும். 'ஒ'வையும் 'ள'வையும் சேர்த்துப் போட்ட ஔகாரத்தை நிரல் 'ஒள' என்று இரண்டாகப் பிரிக்கும். மனிதக் கண்தான் திருத்த வேண்டும்.

பத்திரிகை நடத்துகிற தோழர்களிடம் என் வேண்டுகோள் சின்னது. டிடிபி கடையிலிருந்து இதழ் அச்சுக்குப் போகும் நாளில் பக்கக்கோப்போடு, வடிவமைப்பு ஏதுமில்லாத வெற்று யூனிகோட் கோப்பாகவும் ஒரு படி வாங்கி வையுங்கள். பழைய எழுத்துருவில் உள்ளவற்றைத் தூக்கிப் போடாமல், எழுத்துருக் கோப்பையும் அதே தட்டில் சேர்த்து வையுங்கள். எழுத்துரு இல்லாத கோப்பு, பெட்டி இல்லாத கேசட்.

நான் வாங்கி வந்த மூன்று சிடிகளில் இரண்டில் எழுத்துரு கூடவே இருந்தது, பழைய கணினி ஒன்றைப் பிடித்துத் திறந்துவிட்டோம். மூன்றாவதில் எழுத்துரு இல்லை, அதன் பெயரும் எந்தப் பட்டியலிலும் அகப்படவில்லை. கோப்பிலிருந்து எழுத்தோட்டத்தை மட்டும் பிரித்தெடுத்து, அச்சான இதழை ஒருபக்கம் வைத்து, கந்தல் எழுத்தை மறுபக்கம் வைத்து, இந்தக் குறிக்கு இந்த எழுத்து என்று நானும் அந்த டிடிபி பெண்ணும் அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறோம். அநேகமாக முடிந்துவிட்டது. 'ழூ'வுக்கு மட்டும் குறி சிக்கவில்லை. அத்தனை இதழ்களில் யாரும் அந்த எழுத்து வருகிற சொல் ஒன்றைக்கூட எழுதவில்லை போலிருக்கிறது.